அசல் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது

ஆமையம்மாவுக்கு முகங்களில் நம்பிக்கை கிடையாது. எண்ணில்தான் நம்பிக்கை.

முப்பத்தொரு வருடமாகக் கடல் உயிரியல் ஆய்வாளராக இருப்பவள். பவளப்பாறையும் கடலாமையுமே அவள் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய உண்மையான பெயர் தெரியாது. ஆமையம்மா என்றால்தான் தெரியும். "போன வருஷம் வந்த அதே ஆமைதாங்க இது, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது" என்று புதிதாகச் சேர்ந்தவர் யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், அன்றைக்கு அவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். "ஆமைக்கு ஏதுப்பா மூஞ்சி? எல்லாம் ஒரே மூஞ்சி. துடுப்பில தகடு இருக்கா? தகட்டுல நம்பர் இருக்கா? அதைப் படி" என்பாள். முட்டையிட வரும் ஆமையின் முன்துடுப்பில் இடுக்கியால் அடிக்கும் சின்ன உலோகத் தகடு அது. அதில் இருக்கும் நான்கு இலக்கம்தான் அவளைப் பொறுத்தவரை ஆமை. மற்றதெல்லாம் ஓடு.

வீட்டிலும் இதே கதைதான். மகள் பிறந்த அன்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே நோட்டை வாங்கி, "நீளம் ஐம்பத்தொரு செ.மீ., முன்கால் அசைவு சீர், நிறம் சிவப்பு, நலம்" என்று எழுதினாள். மருந்துக் கடை வைத்திருக்கும் கணவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, கையில தகடு அடிக்காம விட்டியே" என்றார். மகள் வளர்ந்து கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அவர் அதைச் சொல்லிக் காட்டுவதை நிறுத்தவில்லை.

இப்படிப்பட்டவள் பணியாற்றும் அலுவலகத்தில் ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது. மேசை, நாற்காலி, பீரோ அனைத்துக்கும் எண் பொறித்த தகடு பொருத்த வேண்டும், தகடுகள் விரைவில் அனுப்பப்படும் என்று. இரண்டு வருடம் ஆயிற்று. தகடு வரவில்லை. "தகடு பொருத்திவிட்டீர்களா?" என்ற கடிதம் மட்டும் மாதம் ஒன்று தவறாமல் வந்தது. பொறுத்துப் பார்த்த ஆமையம்மா, மிச்சமிருந்த ஆமைத் தகடுகளை எடுத்து, ஆமை இடுக்கியால், ஒவ்வொரு பீரோவின் கைப்பிடியிலும் ஒவ்வொரு நாற்காலியின் காலிலும் தானே அடித்துவிட்டாள். அடித்து முடித்ததும் பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றின் நீள அகலத்தையும் அளந்து, "நலம்" என்றும் எழுதி வைத்தாள். இயக்குநரின் நாற்காலிக்கு மட்டும், "பின்கால் ஊனம்" என்று எழுத வேண்டியதாயிற்று.

ஸ்டோர் அறையில் ஒரே மாதிரி இரண்டு சாம்பல் நிற பீரோக்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தகட்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் சொல்வது அலுவலக வழக்கம். தகடு நாற்பத்தொன்பது கொண்ட பீரோவில் கணினிக்கு மாறும்வரை அவள் எழுதிய நோட்டுகள் எல்லாம் இருந்தன. எந்த நாள் எந்த ஆமை எந்த இடத்தில் கரையேறியது, எத்தனை முட்டை, எல்லாம் மையில், அவள் கையெழுத்தில். கணினியில் ஏற்றிய பிறகு அந்த பீரோவைத் திறக்கும் வேலை அவளுக்கு இருக்கவில்லை. சாவி மட்டும் வீட்டுச் சாவியோடு கொத்தில் தொங்கியது. தகடு ஐம்பத்திரண்டு கொண்ட பீரோவில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதன் சாவி எப்போதோ தொலைந்துவிட்டது.

இனி, கடலுக்குள் பீரோ போன விதத்தைச் சொல்ல வேண்டும்.

நங்கூரம் இழுத்து நாசமான பவளத் திட்டு ஒன்றை மீட்பதற்கு ஆமையம்மா ஒரு திட்டம் வைத்திருந்தாள். வண்ணம் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிய இரும்புச் சாமான்களைக் கடலடியில் இறக்கி, அவற்றின் மேல் உயிருள்ள பவளத் துண்டுகளை ஒட்டி வளர்ப்பது. திட்டம் நல்லதுதான். ஆனால் அரசு விதிப்படி உடைந்த நாற்காலி ஒன்றைத் தூக்கி எறிய ஏழு கையெழுத்து வேண்டும். அதையே பவளத்துக்குக் கொடுத்தால் மூன்று கையெழுத்து போதும். இந்தச் செய்தி எப்படித்தான் பரவியதோ, அக்கம்பக்கத்து அலுவலகங்கள் எல்லாம் திடீரெனக் கடல்மீது பாசம் பொங்கி, தங்கள் ஓட்டை உடைசல்களை லாரியில் அனுப்பத் தொடங்கின. இன்று அந்தத் திட்டில் மூழ்கிப் பார்ப்பவர்களுக்கு ஓர் அலுவலகமே தெரியும். வரிசையாக மேசைகள், காத்திருப்போர் பெஞ்சு, ஒரு தகவல் பலகை. ஆள் மட்டும்தான் இல்லை. அந்த வகையில் மேலே இருக்கும் அலுவலகத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அவள் அலுவலகத்தின் பங்காக பீரோ ஐம்பத்திரண்டை அனுப்புவதென்று முடிவாயிற்று. நான்கு பேர் தூக்க முடியாமல் தூக்கினார்கள். "என்னம்மா இது, உள்ள கல்லா இருக்கு?" என்று முனகினார்கள். "அந்தக் காலத்து இரும்புப்பா" என்று ஆமையம்மா பெருமையாகச் சொன்னாள். படகிலிருந்து கயிறு கட்டி இறக்கும்போது பீரோவின் பக்கவாட்டில் ஒரு நசுங்கல் கண்ணில் பட்டது. எப்போதோ ஒரு விண்ணப்பத்தை மேலிடம் நிராகரித்தபோது அவளே ஆத்திரத்தில் விட்ட உதை அது. அந்த நசுங்கலைப் பார்த்ததும் அவள் மனம் ஏதோ சொல்ல வந்தது. இது நம்ம பீரோ மாதிரி இருக்கிறதே என்று. உடனே குனிந்து கைப்பிடியைப் பார்த்தாள். தகடு: ஐம்பத்திரண்டு. தன்னையே கடிந்துகொண்டாள். மூஞ்சியைப் பார்த்து அடையாளம் சொல்லும் கும்பலில் இந்த வயதில் நானும் சேர்ந்துவிட்டேனா என்று வெட்கமாக இருந்தது அவளுக்கு. "இறக்குங்க" என்றாள்.

பீரோ ஒன்பது மீட்டர் ஆழத்தில் போய் நின்றது. அதன் மேல் நாற்பத்து மூன்று பவளத் துண்டுகளை அவளே ஒட்டினாள். நான்கு வருடம், மாதம் ஒருமுறை மூழ்கி அவற்றை அளந்தாள். அந்தத் திட்டிலேயே மிக நன்றாக வளர்ந்தது அந்த பீரோதான். அதன் படத்தைப் பெரிய கருத்தரங்கு ஒன்றில் திரையில் போட்டுக் காட்டி, கைதட்டலும் வாங்கினாள்.

அவள் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது தலையில் கல் விழுந்தது.

ஆமைகள் முட்டையிடும் இரண்டு கிலோமீட்டர் கடற்கரையில் சிமெண்ட் நடைபாதை போடப் போகிறார்கள். முப்பது அடிக்கு ஒரு விளக்குக் கம்பம். வெளிச்சம் கண்டால் தாய் ஆமை கரையேறாது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு கடல் எது விளக்கு எது என்று தெரியாமல் ரோட்டுக்குப் போகும். அந்த நடைபாதை வந்தால் தன் முப்பத்தொரு வருடத்துக்கு அங்கே வேலையே இருக்காது என்பது ஆமையம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இதை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவின் தலைவர் தலை நரைத்த ஓர் அதிகாரி. அவர் ஆமைக்கு எதிரி அல்ல, நடைபாதைக்கு நண்பரும் அல்ல. அவர் காகிதத்தின் ஆள்.

ஆமையம்மா கணினியிலிருந்து எடுத்த அறுநூறு பக்கத்தை அவர் மேசைமீது வைத்தாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"இது நகல்" என்றார்.

"தகவல் எல்லாம் சரியா இருக்குது சார். ஒரு எண் கூடப் பிசகாது."

"இருக்கட்டும்மா. யார் வேணா தட்டச்சு பண்ணலாம். எழுதின அசல் எங்க? ஒரு மாசம் தரேன். அசலைக் கொண்டாங்க, நகலோட ஒத்துப் பாக்கறேன். ஒத்துப்போச்சுன்னா உங்க பக்கம். இல்லைன்னா நடைபாதை."

அவ்வளவுதானே, என்று சிரித்தபடி வந்தாள். நேராக ஸ்டோருக்குப் போய் பீரோ நாற்பத்தொன்பதில் சாவியைப் போட்டாள். சாவி திரும்பவில்லை. எண்ணெய் விட்டாள். திரும்பவில்லை. பூட்டுக்காரரை வரவழைத்து உடைத்தபோது உள்ளே மூன்று ஓடாத மின்விசிறிகள், கைப்பிடி இல்லாத குடை ஒன்று, யாரோ நினைவுப் பரிசாகக் கொடுத்த பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து. நோட்டு ஒன்றுகூட இல்லை. கைப்பிடியைப் பார்த்தாள். தகடு நாற்பத்தொன்பதுதான். பீரோவின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தாள். நசுங்கல் இல்லை.

ஸ்டோர்காரரைக் கூப்பிட்டாள். இருபது வருடமாக அந்த அறைக்கு ராஜா அவர்.

"அண்ணே, இந்தத் தகட்டை யாராவது கழட்டினாங்களா?"

"நான்தாம்மா கழட்டினேன்" என்றார் அவர், பாராட்டை எதிர்பார்த்து. "அஞ்சு வருஷம் முன்னாடி சுவருக்கு வெள்ளையடிச்சோமே, அப்ப ரெண்டு பீரோ தகட்டையும் பத்திரமா கழட்டி வச்சு, வேலை முடிஞ்சதும் திருப்பி அடிச்சேன். தகட்டுல ஒரு சொட்டுச் சுண்ணாம்பு பட்டிருந்தா நீங்க என்னை உயிரோட விட்டிருப்பீங்களா?"

"எது எந்த பீரோன்னு எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானேம்மா இருக்குது" என்றார் அவர். "மூஞ்சியைப் பாக்காதே, நம்பரைப் பாருன்னு நீங்கதானே சொல்லுவீங்க. நம்பரைத்தான் பாத்தேன். ரெண்டு நம்பரும் இருந்துச்சு."

அன்று மாலை வீட்டுக்குப் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கணவர் கடையை அடைத்துவிட்டு வந்து, முழுக்கதையையும் கேட்டு, சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் தவித்தார்.

"அப்ப நாலு வருஷமா மாசாமாசம் உன் பீரோவைத்தான் போய் அளந்துட்டு வந்தியா?"

"சிரிக்காதீங்க."

"அதான் நல்லா வளந்திருக்கு. தினமும் பாத்துப் பழகின பீரோ இல்லையா." அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றினார். "சரி விடு. தண்ணியில போய்த் திறந்து பாத்துட வேண்டியதுதானே? சாவிதான் உன்கிட்ட இருக்கே."

அங்கேதான் வந்தது வினை. பதினைந்து வருடத்துக்கு முன், ஒற்றைக் காலில் நின்று அவளே எழுதி நிறைவேற்றிய விதி ஒன்று இருந்தது: உயிருள்ள பவளத்தையோ, அது ஒட்டி வளரும் எந்தப் பொருளையோ, எவரும் எக்காரணத்துக்காகவும் தொடுவதோ, நகர்த்துவதோ, திறப்பதோ கூடாது. "திறப்பதோ" என்ற சொல்லைச் சிப்பி எடுப்பவர்களை மனதில் வைத்துச் சேர்த்திருந்தாள். அந்த ஒரு சொல் தேவையா என்று அப்போது பலர் கேட்டார்கள். பிடிவாதம் பிடித்து வாங்கினாள். பீரோக் கதவின் இரண்டு பாதிகளுக்கும் குறுக்காக இப்போது மூளைப் பவளம் ஒன்று தட்டு அகலத்துக்கு வளர்ந்திருந்தது. ஒட்டியது அவள் கை. போன மாதம்தான் அளந்து, "மிக நலம்" என்று எழுதியிருந்தாள்.

"யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் கணவர்.

"எனக்குத் தெரியுமே" என்றாள் அவள். நோட்டில் உள்ளதை மறைத்து ஒரு வரிகூட எழுதத் தெரியாத மனுஷி அவள் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் தலைவரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் ஒரு சிரிப்புகூடச் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டி, நடுப் பக்கம் ஒன்றில் நிறுத்தினார்.

"இருக்கும் இடத்திலிருந்து பெயர்க்க இயலாத ஆவணத்தைக் குழு நேரில் சென்று பார்வையிட வேண்டும்" என்று படித்துவிட்டு நிமிர்ந்தார். "கல்வெட்டுக்காகப் போட்ட விதி. பீரோவுக்கும் பொருந்தும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. குழு கடலுக்கு வருது."

வெள்ளிக்கிழமை குழு கடலுக்கு வந்தது. தலைவருக்கு நீச்சல் தெரியாது. ஆகவே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மிதவை உடை அணிந்து, கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல் நின்றபடி வந்தார். அவருடைய எழுத்தர், கோப்புகளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, கோப்புகளுக்கும் ஒரு மிதவை உடை போட்டிருந்தார். தனக்குப் போட மறந்துவிட்டார். படகோட்டி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குப் போறோமா, கோர்ட்டுக்குப் போறோமாம்மா?" என்று ஆமையம்மாவிடம் மெல்லக் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

பீரோவுக்கு நேர்மேலே படகு நின்றது. அடியில் கண்ணாடி பதித்த வாளி ஒன்று படகில் இருந்தது. அதைத் தண்ணீரில் அமுக்கிக் குனிந்து பார்த்தால் கடலடி பளிச்சென்று தெரியும். தலைவர் வாளிக்குள் தலையை விட்டார். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.

"பீரோ தெரியுது" என்ற அவர் குரல் வாளிக்குள்ளிருந்து முழங்கியது. "எழுதிக்குங்க. துரு நிறம். மேலே மரம் மாதிரி, காளான் மாதிரி ஏதேதோ. கைப்பிடியில தகடு. எண் தெரியல."

"ஐம்பத்திரண்டு சார்" என்றாள் ஆமையம்மா. "ஆனா அது நாற்பத்தொன்பது."

எழுத்தர் பேனாவை நிறுத்தி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். இரண்டையும் எழுதிக்கொண்டார்.

தலைவர் தலையை வெளியே எடுத்தார். முகம் பச்சையாக இருந்தது. "சரி. உள்ள நோட்டு இருக்குது. நாலு வருஷம் உப்புத் தண்ணியில ஊறியிருக்குது. அதுல எழுத்து இருக்குமா? உண்மையைச் சொல்லுங்க."

பொய் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. கதவைத் திறந்து சரிபார்க்க யாராலும் முடியாது. இருக்கும் சார், அழியாத மை சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இருக்காது சார்" என்றாள். "கூழாயிருக்கும்."

"அப்ப அசல் இல்லைன்னு எழுதணும்மா. எனக்கு வேற வழி கிடையாது." அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. எழுத்தர் புதுப் பக்கம் திருப்பினார்.

ஒரு தகட்டை நம்பி ஒரு கடற்கரையை இழந்தோமே என்று நினைத்தாள் ஆமையம்மா. அழுகையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தலைவர் விட்ட வாளியைத் தான் எடுத்து, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பீரோவின் பின்னாலிருந்து ஓர் அழுங்காமை வெளியே வந்தது. பாறை இடுக்கில் தூங்கும் சாதி அது; பீரோவுக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த சந்து அதற்கு வசதியாக இருந்திருக்கிறது. முட்டையிடும் பருவம், கரைக்குப் பக்கத்தில் தங்கியிருக்கும் காலம். மூச்சு விடுவதற்காக நேராக மேலே வந்தது. இடது முன்துடுப்பில் ஏதோ மின்னியது. வாளிக் கண்ணாடிக்கு ஒரு முழத் தூரத்தில் அந்தத் தகட்டைக் கண்டதும் அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

"சார், சீக்கிரம் பாருங்க! நம்பரைப் படிங்க!" என்று வாளியை அவரிடம் தள்ளினாள்.

தலைவருக்கு ஆமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எண் என்றால் படித்துவிட வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. குமட்டலை விழுங்கிக்கொண்டு தலையை உள்ளே விட்டார். "பூஜ்யம்... பூஜ்யம்... மூணு... ஒண்ணு."

ஆமையம்மா நகலைப் புரட்டவில்லை. தேவைப்படவில்லை. "முதல் வருஷம், முப்பத்தொண்ணாவது ஆமை சார். நாலாவது பக்கம் பாருங்க. ஓட்டு நீளம் எழுபத்தெட்டு. பின்பக்கம் வலது ஓரத்துல சுறா கடிச்ச அரைவட்டம். நடுவில ரெண்டு பல் பதிஞ்ச தழும்பு."

எழுத்தர் நாலாவது பக்கத்தைக் கண்டுபிடித்து உரக்கப் படித்தார். தலைவர் வாளிக்குள் இருந்தபடியே, "அரைவட்டம் இருக்குது" என்றார். பிறகு, "ரெண்டு தழும்பு இருக்குது" என்றார். ஆமை தலையை நீட்டிப் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. அந்தத் தண்ணீர் அவர் சட்டையில் தெறித்தது.

"சார், நான் வெறும் எழுத்தர் மாதிரிதான்" என்றாள் ஆமையம்மா. வார்த்தைகள் தாமாகவே வந்தன. "அதைப் பாத்து நோட்டுல எழுதினேன். நோட்டைப் பாத்து கணினியில ஏத்தினேன். பீரோவுல ஊறிக் கிடக்கிறது முதல் நகல் சார். உங்க கையில இருக்கிறது ரெண்டாம் நகல். அசல் இதோ மூச்சு விட்டுட்டு நிக்குது."

படகு ஆடியது. தலைவர் வாளியிலிருந்து தலையை எடுத்து, சட்டையைத் துடைத்துக்கொண்டார். பின்னர் எழுத்தரிடம், "நகல் அசலோடு ஒத்துப் பார்க்கப்பட்டது, சரி, அப்படின்னு எழுதுங்க" என்றார். "அசலைக் கோப்பில சேர்க்கணும்."

"எப்படிங்க சார்?" என்றார் எழுத்தர்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அசல் காத்திருக்கவில்லை. இன்னொரு மூச்சு விட்டு, படகுக்கு அடியில் புகுந்து, கம்பி நீட்டிவிட்டது. படகோட்டி கை தட்டினார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுத்தர் எழுதினார்: "காலை 10.42. அசல் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது."

பத்து நாளில் உத்தரவு வந்தது. மேற்படி அசல் ஆவணம் குழுவின் பார்வையில் இருக்கும்போதே அனுமதியின்றி வெளியேறிவிட்டபடியால், அது திரும்பி வரும்வரை விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது. அதுவரை கடற்கரை இப்போது உள்ளபடியே இருக்க வேண்டும். கல்லோ, சிமெண்டோ, விளக்கோ கூடாது. அசல் திரும்பியதும் உடனடியாகக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். நகலின் மற்ற பக்கங்களுக்கும் அசல் கேட்டு, விசாரணை விட்ட இடத்திலிருந்து தொடரும். தெரிவிக்கும் பொறுப்பு, பணியில் இருந்தாலும் ஓய்வு பெற்றாலும், ஆய்வாளர் அவர்களையே சாரும்.

அலுவலகம் கொண்டாடியது. ஸ்டோர்காரர், தான் தகடு மாற்றி அடித்ததால்தான் கடற்கரை பிழைத்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது பொய்யும் இல்லை. ஆமையம்மா மட்டும் கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எட்டு மாதத்தில் ஓய்வு பெற்றாள். பிரிவு உபசார விழாவில் எல்லோரும் சேர்ந்து அவளுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். இரும்பு பீரோ. சாவியோடு.

மூன்று வருடம் போயிற்று. கடற்கரை அப்படியே இருந்தது. ஆமையம்மா தினமும் விடிந்ததும் கணவரோடு அங்கே நடந்தாள். பையில் நோட்டும் பேனாவும் இருக்கும். இரவில் கரையேறிப் போன ஆமைகளின் தடங்களை எண்ணி எழுதுவாள், எண்ணிய தடத்தைக் காலால் அழிப்பாள். இரண்டாவது முறை யாரும் எண்ணிவிடக் கூடாதென்பதற்காகத் துறையில் உள்ள வழக்கம் அது. யாரும் கேட்கவில்லை. முப்பது வருடப் பழக்கம், கை சும்மா இருக்காது.

அன்று சூரியன் முழுதாக மேலே வந்துவிட்டது. மேட்டில் ஓர் அழுங்காமை, தாமதமாக வந்தது போலும், குழியை மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தது. இருவரும் பத்தடி தள்ளி உட்கார்ந்தார்கள். மூடி முடித்து, திரும்பி, இழுத்து இழுத்துக் கடலுக்கு நடக்கத் தொடங்கியது. ஓட்டின் வலது ஓரத்தில் அரைவட்டம். நடுவில் இரண்டு தழும்பு. இடது துடுப்பு ஒவ்வொரு முறை முன்னே வரும்போதும் தகடு வெயிலில் பளிச்சிட்டது. ஆமையம்மாவுக்கு எண்ணைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஓர் ஆமையை மூஞ்சியைப் பார்த்து அடையாளம் கண்டாள்.

முப்பத்து நான்கு வருடம். சுறாவிடம் தப்பி, வலையில் தப்பி, எங்கெங்கோ சுற்றி, இதே மணலுக்கு வந்திருக்கிறது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூடவே உத்தரவின் கடைசி வாக்கியமும் நினைவுக்கு வந்தது. வந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால், அடுத்த வாரம் விசாரணை. அடுத்த வருடம் விளக்குக் கம்பம்.

கணவரும் பார்த்துவிட்டார். கதையை ஆயிரம் தடவை கேட்டவர் அல்லவா அவர்.

"தகட்டைக் கழட்டிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சேச்சே. அது அவளோட நம்பருங்க."

ஆமை அலை விளிம்பைத் தொட்டது. நோட்டு அவள் மடியில் திறந்திருந்தது. பேனாவின் மூடியும் திறந்திருந்தது.

"என்ன நம்பர்?" என்றார் கணவர்.

ஆமையம்மா பேனாவை நோட்டின் நடுவில் படுக்க வைத்தாள்.

"தெரியலைங்க" என்றாள். "கண்ணாடியை வீட்டிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

கண்ணாடி அவள் மூக்கின் மேல்தான் இருந்தது. கணவர் அதைப் பார்த்தார். தன் கண்ணாடியையும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றார்.

ஓர் அலை வந்து ஆமையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஆமையம்மா பேனாவை மூடினாள். எழுந்து, மேட்டிலிருந்து கடல்வரை நீண்டு கிடந்த அந்தத் தடத்தை, எண்ணாமலே, காலால் அழித்துக்கொண்டு வந்தாள். கணவர் மறுபக்கத்திலிருந்து அழித்துக்கொண்டு வந்தார்.